முத்துவீரனுக்குப் பக்கத்தில்

சிறைக் குடியிருப்பு,
ஜூன் 3

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

வீரபாண்டியன் எழுதுவது. நீயும் வயிற்றில் இருக்கிற நம் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

போன் ஏன் அணைந்து கிடக்கிறது என்று பயந்திருப்பாய். என்னைத் தனிக்கொட்டடிக் காவலுக்கு மாற்றியிருக்கிறார்கள். இந்தக் காவல் முடியும்வரை சிறை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. கைபேசியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடிதம் எழுதலாம். ஆனால் போவதையும் வருவதையும் அலுவலகத்தில் படித்துப் பார்த்துத்தான் விடுவார்கள். அதனால் வேலையைப் பற்றித் துருவிக் கேட்காதே.

நான் காவல் காக்கிற ஆள் நம் பக்கத்துக்காரன். காளையார்கோவிலுக்குக் கிழக்கே ஏதோ ஊர். பெயர் முத்துவீரன். பத்திரிகையில் படித்திருப்பாய். வரப்புத் தகராறில் பங்காளி வீட்டை வெளியே பூட்டிவிட்டுத் தீ வைத்தானே, அவன்தான். குழந்தை உட்பட நான்கு பேர். கருணை மனுவும் தள்ளுபடி ஆகிவிட்டது. முதல் நாள் "அங்குட்டுத் தள்ளி உக்காருடா" என்று அதட்டினேன். நிமிர்ந்து பார்த்து, "சார் நம்ம பக்கமா? எந்தூரு சார்?" என்றான். பள்ளத்தூர் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது.

என் மாற்றல் மனுவைப் பெரிய அதிகாரி எடுத்துப் பார்த்திருக்கிறார். நம் மாவட்டத்துக்கே கிடைக்கலாம். மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்.

உன்,
வீரபாண்டியன்


பள்ளத்தூர்,
ஜூன் 14

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கையில் கிடைத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. இங்கு அப்பா, அம்மா, நான் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

போன தடவை ஐந்தாம் மாதத்தில்தான் அந்தப் பிள்ளை போனது. இந்தத் தடவை ஐந்தாம் மாதத்தைத் தாண்டிவிட்டேன். சந்தோஷப்படப் பயமாக இருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் அரிசி மூட்டையைக் கிட்டப்போய்த் தொடக்கூட விடமாட்டேன் என்கிறார்கள். கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மேலத்தெருச் சின்னையா போன வாரம் தவறிவிட்டார். நீங்கள் ஊரில் இருந்திருந்தால் தூக்கக் கூப்பிட்டிருப்பார்கள். "நல்ல வேளை, மாப்பிள்ளை இங்க இல்ல. புள்ளத்தாச்சி புருஷன் பாடைக்குத் தோள் குடுக்கக் கூடாது, ஒரு பாம்பக்கூட அடிக்கக் கூடாது" என்று அம்மா சொன்னாள். நீங்கள் இதையெல்லாம் நம்பமாட்டீர்கள். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு எனக்கு நம்பாமல் இருக்கத் தைரியம் இல்லை.

மாற்றலை எப்படியாவது வாங்குங்கள் மச்சான். என்ன செய்தாவது வாங்குங்கள். பிரசவ நேரத்தில் நீங்கள் வாசலில் நிற்காவிட்டால் நான் பிழைக்க மாட்டேன் என்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

உங்கள்,
காளீஸ்வரி


சிறைக் குடியிருப்பு,
ஜூன் 29

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

உன் உடம்பு தேறி வருவது அறிந்து நிம்மதி. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. சாப்பாடும் தருகிறார்கள். வாழைப்பழம் மட்டும் இறங்கவில்லை, வாசனையே ஆகவில்லை. அது பெரிய விஷயமில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அத்தை சொன்னாளே, பாடைக்குத் தோள் கொடுக்கக் கூடாது, பாம்பை அடிக்கக் கூடாது என்று. அது நாமாகப் போய்ச் செய்வதற்குத்தானா? மேலே இருக்கிறவர்கள் உத்தரவு போட்டு, அதற்குக் கீழ்ப்படிந்து ஒருவன் செய்தால்? பட்டாளத்துக்காரன் பெண்டாட்டியும் பிள்ளைத்தாச்சியாக இருப்பாள் அல்லவா? மாமாவிடம் சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டு எழுது. இங்கே எங்களுக்குள் ஒரு வாக்குவாதம், வேறொன்றும் இல்லை.

முத்துவீரன் ராத்திரியில் விளக்கை அணைக்க விடமாட்டான். இருட்டென்றால் பயம். நான்கு பேரை எரித்தவனுக்கு இருட்டு பயமா என்று கேட்டேன். "அதனாலதான் சார்" என்றான்.

உன்,
வீரபாண்டியன்


பள்ளத்தூர்,
ஜூலை 12

அன்புள்ள மச்சானுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. வரிகள் கோணிக்கொண்டு போகின்றன. காய்ச்சலா? யாரிடமாவது சண்டையா? என்னிடம் எதையோ மறைக்கிறீர்கள்.

அப்பாவிடம் கேட்டேன். மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பினார். "உத்தரவு போட்டவன் எங்கிட்டோ இருப்பான். கை யாரு கைய்யி? அதச் சொல்லு" என்றார். பிறகு, "மாப்பிள்ளை எதுக்கு இதக் கேக்குறாக?" என்றார். எதற்கு மச்சான் கேட்டீர்கள்?

கால் வீங்கியிருக்கிறது. பிரஷர் கூடியிருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். காரைக்குடிக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீங்கள் என்னிடம் மறைப்பதைப் போல நானும் மறைத்தால் நம் இருவருக்கும் இடையில் என்ன மிஞ்சும் என்று எழுதிவிட்டேன்.

உங்கள்,
காளீஸ்வரி


சிறைக் குடியிருப்பு,
ஜூலை 25

காளீஸ்வரி,

சுகம் விசாரிக்க மறந்து எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் கால் வீக்கத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இந்தக் கடிதம் அலுவலகம் வழியாக வரவில்லை. என்னோடு வேலை பார்க்கிற பெரியகருப்பன் அண்ணன் இந்தக் கொட்டடிக் காவலில் இல்லை, நீண்ட விடுப்பில் சிங்கம்புணரிக்குப் போகிறார். அங்கிருந்து பள்ளத்தூருக்கு வந்து உன் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

முத்துவீரனைத் தூக்கில் போட வெளிமாநிலத்திலிருந்து வரவேண்டிய ஆள் வரவில்லை. உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டாராம். வார்டர்களை வரிசையாக நிறுத்தி, "உங்களில் யாராவது" என்று பெரிய அதிகாரி கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேசை மேல் என் மாற்றல் மனு இருந்தது. "உன் சம்சாரம் கர்ப்பமா இருக்காங்கல்ல? இது முடிஞ்ச மறுநாளே ஆர்டர்" என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். என்ன செய்தாவது வாங்குங்கள் என்று நீ எழுதியிருந்ததுதான் என் காதில் இருந்தது. உன்மேல் பழி போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு மாதமாகப் பழக்குகிறார்கள். அவன் எடைக்கு மேல் மணல் நிரப்பிய மூட்டையைக் கட்டி, இரும்புக் கைப்பிடியை இழுக்க வேண்டும். கால் பலகை இரண்டாகப் பிரியும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கொட்டடிவரை கேட்கும். திரும்பிப் போனால் அவன், "என்ன சார் சத்தம் அங்குட்டு?" என்று என்னிடமே கேட்பான். கட்டட வேலை என்று சொல்வேன். கயிறு இளகுவதற்கு வெண்ணெயும் கனிந்த வாழைப்பழமும் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் வாசனை போவதில்லை.

அந்த மேடை வெள்ளைக்காரன் கட்டியது. டீ குடிக்கும்போது பெரிய அதிகாரி ஒரு கதை சொன்னார். இருநூற்றைம்பது, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் தூக்குப் போடுகிற வேலைக்கு யாரும் வரமாட்டார்களாம். தூக்குக்குத் தீர்ப்பான திருடனையே பிடித்து, "உன் உயிரை விட்டுவிடுகிறோம், நீ மற்றவர்களைத் தூக்கில் போடு" என்பார்களாம். அவன் உயிருக்குப் பயந்து ஒத்துக்கொள்வான். பிறகு தெருவில் போனால் ஜனங்கள் சேற்றை வாரி அடிப்பார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அந்தத் திருடன் முகம் தெரிந்தது போல இருந்தது.

காளீஸ்வரி, பயமாக இருக்கிறது. ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயம். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதைவிடப் பயம். இப்போதும் முடியாது என்று சொல்லலாம். மாற்றல் போகும், அவ்வளவுதான். நீ சொல்கிறபடி செய்கிறேன். கடிதத்தை அவர்கள் படிப்பார்கள். அதனால் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் "உடம்பு சரியில்லை, உடனே வாங்க" என்று மட்டும் எழுது. அதைக் காட்டி நான் விலகிக்கொள்வேன். சம்மதம் என்றால் எப்போதும் போல எழுது.

வீரபாண்டியன்


பள்ளத்தூர்,
ஆகஸ்ட் 2

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். முதலில் நல்ல சேதி. காரைக்குடி டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். குழந்தை நல்ல வளர்த்தி. பிரஷரும் மாத்திரையில் இறங்கிவிட்டது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. போன கடிதத்தில் நான் எழுதியதை நினைத்துக்கொண்டு நீங்கள் அவசரப்பட்டுப் புறப்பட்டு வர வேண்டாம். அங்கே இருக்கிற காரியத்தை முடித்துவிட்டு வாங்க.

நேற்று ஒரு அம்மா வீடு தேடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பேர் அம்மாக்கண்ணு. முத்துவீரனின் அக்காவாம். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவராம். அவனைப் பார்க்க அங்கே வந்தபோது, பள்ளத்தூர் சார் ஒருத்தர்தான் தன்னிடம் மனுஷனாகப் பேசுகிறார் என்று சொல்லியிருக்கிறான். ஊரில் விசாரித்துக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்.

"என் தம்பி செஞ்சது மகாபாவம் தாயி. நாலு உசுரு. நான் அவனுக்காகக் கெஞ்ச வரல. ஆனா அவனுக்கு இருட்டுன்னா ஆகாது. மொகத்த மூடுவாகளாமே. ஒங்க வீட்டுக்காரகளக் கடைசி வரைக்கும் அவன் பக்கத்துல நிக்கச் சொல்லு. தெரிஞ்ச கொரல் ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே என் காலைத் தொடக் குனிந்தார். நான் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். நிச்சயம் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மச்சான், நீங்கள் எதற்கோ பயந்துகொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள். அந்த நேரத்தில் முத்துவீரன் பக்கத்தில் வேறு யாரும் வேண்டாம், நீங்கள்தான் நிற்க வேண்டும். இது பாவத்தில் சேராது. நம் பிள்ளைக்கு இதனால் ஒன்றும் வராது. நான் சொல்கிறேன்.

உங்கள்,
காளீஸ்வரி


சிறைக் குடியிருப்பு,
ஆகஸ்ட் 9

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

உன் சுகத்தையும் பிள்ளையின் சுகத்தையும் படித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நானும் நலம்.

நீ இவ்வளவு நெஞ்சுரம் உள்ளவள் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. வேறு சேதிதான் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அதற்காகக் காத்திருந்தேன். ஆனால் நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகு நேற்று ராத்திரி தூங்கினேன். உன் வார்த்தைப்படியே செய்கிறேன்.

அவன் அக்கா வந்ததைச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "நிப்பீகளா சார்?" என்றான். நிற்பேன் என்றேன்.

உன்,
வீரபாண்டியன்


ஆகஸ்ட் 21

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் இப்போது எனக்கு வேண்டும்.

நேற்று விடியற்காலையில் முடிந்துவிட்டது. பத்திரிகையில் பார்த்திருப்பாய். இனி என் கடிதத்தை யாரும் படிக்க மாட்டார்கள். வெளியே தபால் பெட்டியில் நானே போடுகிறேன். கைபேசியும் திரும்பக் கிடைத்துவிட்டது. உன் எண்ணை எடுத்தேன். பேசினால் குரல் வராது என்று தெரிந்து வைத்துவிட்டேன். நீயும் கூப்பிடாதே. எழுது.

அவனைக் குளிக்கவைத்து அழைத்து வந்தார்கள். நடந்துதான் வந்தான். மேடையில் என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. பார், அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. காலைக் கட்டினேன். கயிற்றை மாட்டி, முடிச்சை இடது காதுக்குக் கீழே சரிசெய்தேன். கறுப்புத் துணியைப் போட்டதும் தலையை இங்குட்டும் அங்குட்டும் திருப்ப ஆரம்பித்தான்.

"சார், பக்கத்துல இருக்கீகளா?"

"இருக்கேன்டா."

அப்போது என் கை கைப்பிடியில் இருந்தது. என் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுகொண்டு அப்படியே அசையாமல் நின்றான். அதிகாரி கைக்குட்டையை இறக்கினார். இழுத்தேன்.

இழுக்கப்போவது நான்தான் என்று அவனுக்குத் தெரிந்துதான் அப்படிக் கேட்டானா, தெரியாமல் கேட்டானா என்பது எனக்குத் தெரியவில்லை. இனி யாரிடமும் கேட்கவும் முடியாது.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

வீரபாண்டியன்


சிங்கம்புணரி,
ஆகஸ்ட் 24

தங்கச்சி காளீஸ்வரிக்கு,

பெரியகருப்பன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? நான் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் என் உடம்பு அல்ல.

இதோடு இருக்கிற கடிதம் வீரபாண்டியன் ஜூலை மாதம் உன்னிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தது. கேட்டில் சோதனை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பயந்துபோய்ப் பையின் அடியில் அட்டையைக் கிழித்து உள்ளே சொருகினேன். வெளியே வந்த பிறகும் பயம் போகவில்லை. பிடிபட்டால் என் வேலை போய்விடும். உன் வீட்டுக்கு வந்து போனதை யாராவது பார்த்தால் என்ன செய்வது என்று நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் காய்ச்சலில் விழுந்துவிட்டேன். பத்திரிகையைப் பார்த்த பிறகுதான் எனக்கு நெஞ்சில் அடித்தது.

அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. உன் பதிலை எதிர்பார்த்து அவன் இருந்தான் என்று மட்டும் தெரியும். அன்றைக்கே கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன். போனதும் அவன் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மன்னித்துக்கொள்.

பெரியகருப்பன்


ஆகஸ்ட் 25

அன்புள்ள காளீஸ்வரிக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? பிள்ளைக்கு ஏதாவதா? கூப்பிடப் பயமாக இருக்கிறது. ஏதாவது ஆகியிருந்தால் அதை என் காதால் கேட்க முடியாது.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை புறப்பட்டு வருகிறேன்.

தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் "இருக்கீகளா" என்கிறான். அப்போதெல்லாம் எழுந்து உன் கடிதத்தை எடுத்துப் படிக்கிறேன். இது பாவத்தில் சேராது, நான் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை. எல்லாம் தெரிந்து நீ எனக்குச் சொன்ன வார்த்தை அது. தனியாக நானே முடிவெடுத்துச் செய்திருந்தால் அன்றைக்கே அந்தக் கயிற்றில் நானும் தொங்கியிருப்பேன். ஒரே ஒரு தரம் எழுது. நான் எழுதியதை முழுவதும் படித்துவிட்டுத்தானே அதை எழுதினாய்?

வீரபாண்டியன்


பள்ளத்தூர்,
ஆகஸ்ட் 27

பெரியகருப்பன் அண்ணனுக்கு,

உங்கள் காய்ச்சல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் ஊரைவிட்டுப் புறப்படுவதற்குள் கிடைக்க வேண்டும் என்று சிங்கம்புணரி போகிற பக்கத்து வீட்டுக்காரர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்றைக்கே அந்தக் கடிதம் கிடைத்திருந்தால் உடனே வாங்க என்றுதான் நான் எழுதியிருப்பேன். இதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இதில் சுமக்க வேண்டியது இருக்கிறது. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். காலிலும் விழ வேண்டாம். ஜூலையிலேயே பள்ளத்தூருக்கு வந்தீர்கள், என் கையில் கொடுத்தீர்கள், நான் மோர் தந்தேன், குடித்துவிட்டுப் போனீர்கள். யார் கேட்டாலும் அவ்வளவுதான். இல்லாவிட்டால் நான் அவரை இழந்துவிடுவேன்.

தங்கச்சி,
காளீஸ்வரி


பள்ளத்தூர்,
ஆகஸ்ட் 27

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுதத் தாமதமானதற்கு என் பயம்தான் காரணம். உங்கள் கையை நினைத்துப் பயந்தேன். அந்தக் கை பிள்ளையைத் தூக்குமே என்று நினைத்துப் பயந்தேன். இதில் பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் அந்தப் பயம் முழுவதும் போய்விடவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். பெரியகருப்பன் அண்ணன் வந்தார், கையில் கொடுத்தார். முழுவதும் படித்தேன். படித்துவிட்டு நீங்கள் சொன்னபடி அடுப்பில் போட்டேன். எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். நான் சொல்லித்தான் நீங்கள் செய்தீர்கள். அதனால் ராத்திரி அவன் குரல் கேட்டால் நீங்கள் ஒருவர் மட்டும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாக்கண்ணு அக்கா இன்று காலையில் மறுபடி வந்தார். "பக்கத்துல நின்னாகளா?" என்று கேட்டார். "நின்னாக" என்றேன். "பயந்தானா?" என்றார். உங்கள் குரலைக் கேட்டதும் அசையாமல் நின்றானாம் என்றேன். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். உங்களை நேரில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். வெள்ளிக்கிழமை நீங்கள் வருகிறீர்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்த அக்காவும் வருவார். என்னால் தடுக்க முடியவில்லை.

கைப்பிடி யார் கையில் இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அவர் வருவதற்கு முன் நாம் பேசிக்கொள்ள வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வாங்க மச்சான்.

உங்கள்,
காளீஸ்வரி